சின்னக் காரியம் என்று யார் சொல்வது?

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1829 வாக்கில் புதிய மிஷனரிகள்மீது ஒரு குற்றப் பட்டியல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 55. பழைய தலைமுறை மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரும் அவரும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். தமிழ்ச் சபைகள் பாடிய பாட்டுகள் பல அவர் கையிலிருந்து வந்தவை. அவர் கணக்கில் கொடுமைகள் நான்கு. சபையார் காதுக்குப் பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். பண்டிகைகளையும் பூ அலங்காரத்தையும் தடுக்கிறார்கள். தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள். எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்கப் பார்க்கிறார்கள்.

இன்று இதைப் படிக்கும் கிறிஸ்தவர் மொழிபெயர்ப்புக்கும் பூவுக்கும் பாட்டுக்கும் தலையாட்டுவார், சாதியில் வந்து திடுக்கிடுவார். சாஸ்திரியாருக்கு நான்கும் ஒரே வகைதான். வேதம் வெளிப்படையாக விலக்காதவை, பழைய மிஷனரிகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் அனுமதித்தவை, ஊர் வழக்கு. இவற்றில் கைவைப்பது விசுவாசத்தைக் காக்கும் வேலை ஆகாது, எங்கள் மனச்சாட்சியை நெருக்குவது என்பது அவர் வாதம். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாட்டு விஷயத்தில் நியாயம் அவர் பக்கமே இருந்தது. எட்வர்டு வெப் என்ற அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள்தான் அதற்கு உயிர்நாடி. தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகங்களில் அவருடைய பாட்டுகள் இன்றும் இருக்கின்றன. அப்படியானால் ஒரே ஆள், ஒரே வாதம், மூன்றில் சரி, ஒன்றில் தவறு என்று எந்த அளவுகோலால் சொல்கிறோம்?

அடிப்படைகளில் ஒன்றுபடுங்கள், மற்றவற்றை அவரவருக்கு விட்டுவிடுங்கள், இரண்டிலும் அன்பு குறையாதிருங்கள் என்ற பொருளில் ஒரு வழிகாட்டல் சபைக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும். பரிசுத்த அகஸ்டின் சொன்னது என்று மேற்கோளும் காட்டுவார்கள். அகஸ்டின் நூல்களில் அது கிடையாது. ஜெர்மனியில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1626 வாக்கில், ஆக்ஸ்பர்க் நகரத்து லுத்தரன் போதகர் பீட்டர் மைடர்லின், ரூபர்ட்டஸ் மெல்டேனியஸ் என்ற புனைபெயரில் வெளியிட்ட சிறு நூலில் வருகிறது. கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் வெட்டிக்கொண்டிருந்த காலத்துக்கு அது பெரிய சொல். ஆனாலும் அதில் ஒரு ஓட்டை உண்டு. எது அடிப்படை, எது மற்றது என்று கோடு போடுபவர் யார் என்பதை அது சொல்லவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க உதவும் பொருள் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பவுல் ரோமாபுரிச் சபைக்குக் கடிதம் எழுதியது ஏறத்தாழ கி.பி. 57இல், கொரிந்துவிலிருந்து. கிளவுதியு பேரரசன் 49 வாக்கில் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றினான். 54இல் அவன் இறந்த பிறகு அவர்கள் திரும்பி வரத் தொடங்கினர். இடைப்பட்ட காலத்தில் சபை யூதரல்லாதார் கைக்குப் போயிருந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. திரும்பி வந்தவர்கள் தங்கள் சபையிலேயே விருந்தாளிகள் ஆனார்கள். சந்தை இறைச்சியைத் தொட அஞ்சிக் காய்கறி மட்டும் சாப்பிட்டவர்களும், சில நாள்களை விசேஷமாகக் கொண்டாடியவர்களும் அவர்களிடையே இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களோ மற்றவர்களைப் பாவிகள் என்றார்கள்.

கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் இருவரையும் கண்டிக்கிறார். உண்கிறவன் உண்ணாதவனை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, உண்ணாதவன் உண்கிறவனுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒவ்வொருவனும் தன் மனத்தில் தெளிந்து நடக்கட்டும், சந்தேகத்தோடு செய்வது அவனுக்குக் குற்றமாகும். இதுவரை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வதுதான். அதிகம் பேசப்படாத இடம் அடுத்து வருகிறது. பவுலின் சொந்தக் கருத்து இறைச்சி உண்பவர் பக்கம். எந்த உணவும் தன்னளவில் தீட்டில்லை என்று அவர் தெளிவாகச் சொல்கிறார். தன்னைப் பலமுள்ளவர்களோடு சேர்த்தே எண்ணுகிறார். கருத்தில் வென்ற அந்தக் கட்சியிடம்தான் செலவை ஏற்கச் சொல்கிறார். பலவீனன் இடறுவானென்றால் பலமுள்ளவன் தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். சகிப்புத்தன்மையின் கட்டணத்தை இரு தரப்பிலும் சமமாக அவர் வசூலிக்கவில்லை.

இதே பவுல் அந்தியோகியாவில் வேறு ஆளாக நிற்கிறார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அந்தச் சண்டையைச் சொல்கிறது. யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகித் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். அங்கும் பிரச்சினை உணவுதான். விலகியவர்களும் தங்கள் மனச்சாட்சியைத்தான் காரணம் சொல்லியிருப்பார்கள். பவுல் விட்டுக்கொடுக்கவில்லை, சபையார் முன்னிலையில் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார். கொரிந்துவிலும் அப்படித்தான். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி பற்றி மூன்று அதிகாரங்கள் பொறுமையாக வாதாடியவர், திருவிருந்துக்கு வசதியுள்ளவர்கள் முந்தி வந்து தின்று முடித்து, ஏழைகள் பட்டினியாக நிற்பதைக் கேள்விப்பட்டதும் வெகுண்டு எழுதுகிறார்.

ஒருவர் தன் இலையில் என்ன வைத்துக்கொள்கிறார் என்பதில் பவுலுக்கு அவசரமில்லை. அந்த இலையை இன்னொருவரிடமிருந்து தள்ளிப் போடும்போது அவர் பொறுப்பதில்லை. காய்கறி உண்பவன் யாரையும் பந்தியிலிருந்து எழுப்புவதில்லை, பேதுரு எழுப்பினார். என் பார்வையில், சின்னக் காரியம் எது என்பதற்குக் கிறிஸ்தவ வேதம் தரும் தெளிவான சோதனை இதுதான்.

இந்தச் சோதனையைத் தஞ்சாவூருக்கும் தரங்கம்பாடிக்கும் கொண்டுபோனால் சங்கடம் தொடங்குகிறது. முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையானது. ஒரே கூரையின் கீழ் வேளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியாக உட்காரும் பழக்கம் அந்த மிஷன் சபைகளில் வேரூன்றியது. திருவிருந்துக்கு யார் முதலில் வருவது என்பதிலும் வரிசை இருந்தது. இருக்கைதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று எண்ணியிருப்பார்கள். அது இருக்கையோடு நிற்கவில்லை. முதல் தமிழ் லுத்தரன் குருவாக ஆரோன் 1733இல் பட்டம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்த உபதேசியார் ராஜநாயக்கன், முன்னாள் படைவீரர், பறையர் குலத்தவர். அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்கு ஐயமில்லை. ஆனாலும் அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சடங்கின்மீதே மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கினார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. உட்காரும் இடத்தைச் சின்னக் காரியம் என்று விட்டுவிட்டவர்கள், கடைசியில் சாதியைப் பார்த்துக் குருவைத் தேர்ந்தார்கள்.

ராஜநாயக்கனின் மனச்சாட்சியைப் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சகித்துக்கொள்ளும்படி கேட்கப்பட்டவர் அவர்தான், பலமுள்ளவர்களை யாரும் கேட்கவில்லை. பவுல் போட்ட கணக்கு தலைகீழாகிவிட்டது.

கல்கத்தா பேராயர் ஹீபர் 1826இல் தென்னாட்டுக்கு வந்தபோது மென்மையான நிலை எடுத்தார். கிறிஸ்தவ நாடுகளிலேயே அந்தஸ்து வேறுபாடு இருக்கிறதே, இதையும் அப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று ஆராய விரும்பினார். அந்த ஏப்ரலிலேயே திருச்சியில் இறந்துபோனார். அவருக்குப் பின்னால் வந்த டேனியல் வில்சன் 1833 ஜூலையில் அனுப்பிய சுற்றறிக்கையில் தயக்கமே இல்லை: சபைக்குள் சாதியை ஐயத்துக்கு இடமின்றி, உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி மேலே போய், எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ண மறுப்பவர் திருவிருந்தில் பங்கு பெறத் தகுதியற்றவர் என்ற நிலையை எடுத்தது.

வில்சன் கண்ட முடிவு சரி. முறையில் எனக்கு நெருடல் உண்டு. ஆள்கிறவர்களின் சபையைச் சேர்ந்த பேராயர் ஒருவர் ஆணை பிறப்பிக்கிறார்; கேட்காதவர்களுக்குச் சம்பளம் நிற்கிறது, சபை அங்கத்துவம் போகிறது. சாஸ்திரியாரும் அதற்கு முன்பே மிஷன் வேலையை இழந்திருந்தார். போதாக்குறைக்கு, சமபந்தியைப் போதித்த வெள்ளைக்கார மிஷனரிகளில் எத்தனை பேர் வீட்டு மேஜையில் தமிழ் உபதேசியாருக்கு நாற்காலி கிடைத்தது என்ற கேள்வியும் நிற்கிறது. இதை நான் கிளப்பவில்லை. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டு மேடையிலேயே வே. ச. அசரியா கேட்டார். நீங்கள் உடைமையைத் தந்தீர்கள், உடலையே தந்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற பொருளில் அவர் பேசியதை அரங்கில் பலர் ரசிக்கவில்லை. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் ஒரு நாடார் குருவின் மகனாகப் பிறந்த அவருக்கு, கீழே உட்காரவைக்கப்படுவது இன்னதென்று இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும்.

ஜெர்மானிய லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் தேர்ந்த வழி வேறு. அதன் இயக்குநர் கார்ல் கிரால் நல்ல தமிழறிஞர். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்தார். சாதி சமூக ஏற்பாடு, சுவிசேஷம் அதை உள்ளிருந்து மெல்லக் கரைக்கும், வெளியிலிருந்து சட்டம் போட்டு உடைத்தால் மனச்சாட்சிதான் உடையும் என்றார். லுத்தரன் மரபில் அடியாஃபரா என்று வழங்கும், செய்தாலும் செய்யாவிட்டாலும் குற்றமில்லாத காரியங்களின் வரிசையில் சாதியும் போய் உட்கார்ந்தது. ஆங்கிலிக்கன் சபையில் அதிருப்தியுற்ற வேளாளக் குடும்பங்கள் பல லைப்சிக் பக்கம் சாய்ந்தன. அதே மிஷனின் கார்ல் ஓக்ஸ் இதை ஏற்காமல் பிரிந்துபோய், தென்னாற்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் பணியைத் தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அந்தப் பிரிவில் இருக்கிறது.

கிராலின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர் தம் மரபில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார் என்பது என் குறை. லுத்தர் இறந்த இரண்டாம் ஆண்டில், 1548இல், வெற்றிபெற்ற பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பழைய சடங்குகளைத் திரும்பக் கொண்டுவர நெருக்கினார். உடுப்பும் நோன்பும் சின்ன விஷயங்கள்தானே, பணிந்துபோகலாம் என்று லுத்தரின் சகா மெலாங்டன் இசைந்தார். இன்னொரு லுத்தரன் இறையியலாளர் ஃபிளாசியுஸ் பொங்கி எழுந்தார்: சாதாரண நாளில் சின்னதாக இருப்பது, சுவிசேஷத்தையே மறுதலிக்கச் சொல்லி நெருக்கும் நாளில் சின்னதாக இருக்காது. முப்பது ஆண்டுச் சண்டைக்குப் பிறகு 1577இன் ஒப்புரவு அறிக்கை தன் பத்தாம் பிரிவில் ஏறத்தாழ ஃபிளாசியுஸ் பக்கமே நின்றது. ஒரு காரியம் சின்னதா பெரிதா என்பது அந்தக் காரியத்துக்குள் எழுதி வைத்திருப்பதில்லை, அது எதற்காக வற்புறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்ற நுட்பம் லைப்சிக்காரர்கள் கையொப்பமிட்டு ஏற்ற அறிக்கையிலேயே இருந்தது. காவிரிக் கரைச் சபைகளில் உட்காரப் பாய் விரிப்பதும் அப்படித்தான். பாய் சின்னது. இன்ன குலத்தான் இதில் உட்காரக் கூடாது என்பதற்காக விரித்தால் சின்னதல்ல.

கத்தோலிக்கர்களிடம் இது கட்டடமாகவே எழுந்தது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்துக்குப் பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளரான பிள்ளை, முதலியார் தரப்பினர் சுவரைத் திரும்ப எழுப்பக் கேட்டு வழக்காடினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மனச்சாட்சியின் பெயரால் ஒரு சுவரைக் கேட்டு நீதிமன்றம் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மனச்சாட்சியை மதிப்பதென்றாலே சமரசம், கோழைத்தனம் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. நேர்மையாக மதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் தரங்கம்பாடியே சாட்சி. 1919 மே மாதத்தின் முதல் இரு நாளும் அங்கே 33 குருமார் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். ஆங்கிலிக்கன் பக்கம் அப்போது தோர்ணக்கல் பேராயராயிருந்த அசரியா, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபைப் பக்கம் வேதநாயகம் சந்தியாகு. எங்கோ ஐரோப்பாவில் எங்களுக்கு முன்பே நடந்த சண்டைகளின் பிரிவினையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு அறிக்கை விட்டார்கள். கேட்க எளிது, முடிய 28 ஆண்டு ஆனது.

முட்டுக்கட்டை குருப்பட்டம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத குரு குருவா என்று ஆங்கிலிக்கர்களில் ஒரு சாரார் கேட்டார்கள். இத்தனை தலைமுறை திருவிருந்து கொடுத்த எங்கள் போதகர்களுக்கு மறுபடி பட்டம் கட்டினால், இதுவரை கொடுத்தது வெறும் அப்பமா என்று ஐக்கிய சபையார் திருப்பிக் கேட்டார்கள். இரு பக்கமும் இது சின்னக் காரியம் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் இந்தப் பேச்சுவார்த்தையின் நேர்மை. எதிராளி பெரிதாக நினைப்பதைச் சின்னது என்று சொல்லி வாயடைக்காமல், அவரவர் அச்சத்தைத் தனித்தனியாக எடுத்துப் பேசினார்கள்.

கண்ட தீர்வு விசித்திரமானது. புதிய சபையில் பேராயர்கள் இருப்பார்கள். பேராயர் பதவி என்றால் என்ன என்ற எந்த ஒரு கோட்பாட்டையும் யார்மீதும் சுமத்தமாட்டோம். இனிமேல் பட்டம் பெறுவோர் பேராயர் கையாலேயே பெறுவர். ஏற்கெனவே போதகராக இருப்பவர் யாருக்கும் மறுபட்டம் கிடையாது. எந்தச் சபையாருக்கும் அவர்கள் மனச்சாட்சி ஒப்பாத ஆராதனை முறையையோ குருவையோ திணிப்பதில்லை என்று வாக்குறுதி எழுதிவைத்தார்கள். இரு வகைக் குருமாரும் அருகருகே பணிபுரியும் இடைக்காலம் 30 ஆண்டு. ஒரு தலைமுறை கடந்துபோகட்டும் என்று காத்திருக்கத் தயாராயிருந்தார்கள்.

இங்கிலாந்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கவிஞர் டி. எஸ். எலியட்டே இந்தத் திட்டத்தை எதிர்த்து 1943இல் ஒரு பிரசுரம் எழுதினார்; வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில் யார் திருவிருந்து கொடுப்பது என்று லண்டனில் ஒரு பெருங்கவிஞர் கவலைப்பட்டிருக்கிறார். அசரியா 1945 ஜனவரி முதல் தேதி இறந்தார். அதே மாதம் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் பொதுப் பேரவை இசைவு தந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் கழிந்தபோது, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சேர்ந்தவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் மனம் ஒப்பாமல் வெளியே நின்றார்கள். சேர்ந்தவர்களும் விலை கொடுத்தார்கள்: மறு ஆண்டு கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு இந்தச் சபைக்கு முழு அங்கீகாரம் தரவில்லை.

பவுலின் கணக்கு இங்கே ஏறக்குறைய நேராக விழுந்தது. ஆங்கிலிக்கர்களே அரசின் சபை, பழமையின் சபை. மறுபட்டம் கேட்கும் பலம் அவர்களிடம் இருந்தது. அதை விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களே. எவரும் பந்தியிலிருந்து எழுப்பப்படவில்லை.

ஆனாலும் 28 ஆண்டுப் பேச்சுவார்த்தையில் குருப்பட்டத்துக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்காவது சாதிக்குக் கிடைத்ததா? பட்டம் இங்கிலாந்தில் கேட்கப்பட்ட கேள்வி, சாதி இங்கே இருந்த கேள்வி. ஐரோப்பியப் பிரிவினையைச் சுமக்கமாட்டோம் என்றவர்கள் உள்ளூர்ப் பிரிவினையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே ஒப்பந்தம் எழுதினார்கள். 1948 முதல் லுத்தரன் சபைகளோடு பேச்சு நடந்தது, திருவிருந்து, நியாயப்பிரமாணம், சுவிசேஷம் பற்றி ஒத்த அறிக்கைகள் வந்தன, ஐக்கியம் வரவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி வாரியாகப் பிரிக்கும் சுவர் இந்த நூற்றாண்டுச் செய்தித்தாள்கள் வரை வந்தது.

கைதட்டிப் பாடலாமா, திருவிருந்தில் மதுவா திராட்சைச் சாறா, முழங்காலிடுவதா நிற்பதா, கிறிஸ்துமஸ் குடில் வைக்கலாமா என்று நம் சபைகளில் இன்றும் குடும்பங்கள் பிரிகின்றன. இவற்றை ரோமர் 14ஐ வைத்து ஒரு மாலைப் பொழுதில் தீர்த்துவிடலாம். பெரும்பான்மையோர் கொஞ்சம் இறங்கிவந்தால் போதும். கல்லறைச் சுவருக்கும் திருமணப் பத்திரிகையில் வரும் சாதிப் பெயருக்கும் பேராயர் தேர்தலில் எண்ணப்படும் சாதி வாக்குக்கும் அந்த அதிகாரத்தை யாராவது மேற்கோள் காட்டினால், அவரைக் கலாத்தியர் நிருபத்துக்குப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் சபைக் கமிட்டியில் ஒரு காரியம் சின்னது என்று தீர்மானம் வரும்போது, கையெழுத்துப் போடும் முன் அதற்காக யார் பின்வரிசைக்குப் போனார் என்று விசாரியுங்கள். அவர் ஒப்பாதவரை அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றாதீர்கள்.